தானே அணைந்து தானே எழும் புது டேப்

புது டேப் தானாக அணைந்து தானாக எழ ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் முதல் யோசனை "ஃபேக்டரி ரீசெட் போட்டுப் பாரு" என்பதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். ரீசெட் போட்டால் படங்களும் பாடக் குறிப்புகளும் போவதோடு, கோளாறு எந்த ஆப்பால், எந்தச் சமயத்தில் வந்தது என்ற தடயமும் போய்விடும். குறை போர்டிலேயே இருந்தால் இரண்டு மூன்று நாளில் மறுபடி அதே கதை. அதற்குள் கடைக்காரர் மாற்றித் தரும் கெடு முடிந்திருக்கும்.

புதுப் பொருளை நீங்கள் ரிப்பேர் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: கோளாறு உங்கள் அறையில் இருக்கிறதா, பெட்டிக்குள்ளேயே வந்ததா? சார்ஜர், கவர், மெமரி கார்டு, ஆப், வெயில் இவற்றில் ஏதோ ஒன்று என்றால் காசில்லாமல் தீர்ந்துவிடும். பெட்டியோடு வந்தது என்றால் மாற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் கெடுவுக்குள். கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்தறிவதற்காக மட்டுமே.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. லைனில் ஒரு போர்டு டெஸ்ட்டில் ஃபெயில் ஆனால் யாரும் உடனே சால்டரிங் அயர்னைத் தூக்குவதில்லை. எந்த லாட், எந்த ஷிஃப்ட், எந்த ஸ்டேஷன், மறுபடி போட்டால் மறுபடி ஃபெயில் ஆகிறதா என்று கேட்ட பிறகுதான் ரீவொர்க். அடுத்த ரயில் நிலையமான பரனூரில், மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள், 2022 செப்டம்பரில் பெகாட்ரான் திறந்த ஆலையில் ஐபோன் பூட்டுகிறவர்களுக்கும் இது அன்றாடப் பாடம். வேலையில் காட்டும் அந்த நிதானத்தை ரூமுக்கு வந்ததும் கழற்றி வைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

முதல் வாரம் அடித்து ஓட்டுங்கள்

எலக்ட்ரானிக் பொருள் கெடுவதற்கு இரண்டு பருவம் உண்டு. பல வருடம் உழைத்துத் தேய்ந்து கெடுவது ஒன்று. வந்த சில வாரங்களிலேயே கெடுவது இன்னொன்று. புது டேப் இரண்டாவது ரகம். ஒரு சிப்புக்கு அடியில் நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகள் இருக்கும். ஈயம் சேராத சால்டர் 217 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகத் தொடங்கும். ரீஃப்ளோ அடுப்பில் 240 டிகிரி வாக்கில் கொண்டுபோவார்கள். சூடு ஒரு மூலையில் கொஞ்சம் குறைந்தாலோ போர்டு லேசாக வளைந்தாலோ ஏதாவது ஓர் உருண்டை ஒட்டியது போலத் தெரியும், முழுதாக ஒட்டியிருக்காது. சோதனையில் அது தப்பிவிடக்கூடும். உங்கள் கைக்கு வந்து நாலு தடவை சூடாகி நாலு தடவை ஆறிய பிறகு விரிசல் விடும். பேட்டரி கனெக்டர் முழுதாக அமுங்காமல் வருவதும் இதே கூட்டம். இப்படிப் பிஞ்சிலேயே கெடுபவற்றைப் பிடிக்கத்தான் ஆலைகளில் ஏஜிங் ரேக்கில் மணிக்கணக்காக ஓட விடுகிறார்கள். பெரும்பாலானவை அங்கேயே மாட்டிக்கொள்ளும். சில மாட்டாமல் வரும்.

ஆகவே வாங்கியதும் பொத்திப் பொத்தி வைக்காதீர்கள். ஆடித் தள்ளுபடியில் வாங்கிவிட்டு, "ஆடி கழியட்டும், ஆவணியில நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம்" என்று பீரோவில் வைத்துப் பூட்டும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஆன்லைனில் மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் 7 நாள் அல்லது 10 நாள். டெலிவரி ஆன நாளிலிருந்து ஓடும். ஆவணிக்காக அது காத்திருக்காது. பூஜை போட வேண்டுமென்றால் வந்த அன்றே போட்டுவிடுங்கள். மஞ்சள், குங்குமத்தைப் பெட்டிக்கு வையுங்கள். டேப்புக்கே வைத்தால் சார்ஜிங் துவாரத்துக்குள் பொடி இறங்கும்.

கெடு முடிவதற்குள் ஒருமுறை 100 வரை சார்ஜ் ஏற்றி 15 வரை இறக்குங்கள். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல வீடியோ ஓடட்டும். வீடியோ கால், கேமரா, ஒரு கனமான கேம் எல்லாம் போட்டுப் பாருங்கள். ஓர் இரவு சார்ஜரில், ஓர் இரவு சார்ஜர் இல்லாமல் சும்மா கிடக்கட்டும். வரவேண்டிய கோளாறு இப்போதே வந்தால் உங்களுக்கு லாபம்.

நிஜமாகவே ரீஸ்டார்ட்தானா?

ஆப் ஒன்று பட்டென்று மூடிக்கொள்வதை, கவரின் காந்தம் பட்டுத் திரை அணைவதை, நடுவில் முகப்புத் திரை மட்டும் புதிதாக ஏறுவதை எல்லாம் ரீஸ்டார்ட் என்றே சொல்லிவிடுகிறோம். விலை குறைந்த டேப்புகளில் நினைவகம் போதாமல் ஆப் மூடுவது சகஜம். 2011 அக்டோபர் 5-ல் டில்லியில் வெளியிட்டார்களே, ஆகாஷ் டேப்லெட், அதில் 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்.பி. ராம், 2,100 எம்.ஏ.எச். பேட்டரி. மாணவர் கைக்குப் போனதும் மெதுவாக ஓடுகிறது, சூடாகிறது, சார்ஜ் நிற்பதில்லை என்ற குறைகள் வந்தன. மறு வருடம் திட்டமே ஐ.ஐ.டி. ராஜஸ்தானிடமிருந்து ஐ.ஐ.டி. பம்பாய்க்கு மாறியது. அந்த மாதிரித் திணறல் கோளாறு அல்ல, விலைக்கேற்ற வரம்பு. அதை மாற்றிக் கேட்டால் அதே மாதிரி இன்னொன்றுதான் கிடைக்கும்.

நிஜமான ரீஸ்டார்ட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'அபவுட் டேப்லெட்' போய் 'ஸ்டேட்டஸ்' பகுதியில் 'அப் டைம்' என்று ஒரு கடிகாரம் ஓடும். கடைசியாக உயிர் வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை அது காட்டும். ரீஸ்டார்ட் ஆனது போலத் தோன்றியதும் போய்ப் பாருங்கள். சில நிமிடம் என்று காட்டினால் அடிவரை அணைந்து எழுந்திருக்கிறது. நாற்பது மணி, ஐம்பது மணி என்று பழைய கணக்கே ஓடிக்கொண்டிருந்தால் மேல்மாடி மட்டும் சரிந்து எழுந்திருக்கிறது. அதற்குக் காரணம் அநேகமாக ஆப் அல்லது சாஃப்ட்வேர். கம்பெனி லோகோ வராமல் ஆண்ட்ராய்டு அனிமேஷன் மட்டும் வந்து எழுவதும் இதே அடையாளம்.

ஐபேடில் வேறு வழி. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'அனலிடிக்ஸ்', அதற்குள் 'அனலிடிக்ஸ் டேட்டா'. அந்த நீண்ட பட்டியலில் 'பானிக் ஃபுல்' என்று தொடங்கும் பெயர்கள் தேதியோடு இருந்தால், அந்தத் தேதிகளில் ஐபேட் அடியோடு விழுந்து எழுந்திருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று புரிய வேண்டாம். பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், சர்வீஸ் சென்டரில் அது பேசும்.

ஒன்றைக் கழித்துவிடுவோம். குறித்த நேரத்தில் தானே ரீஸ்டார்ட் ஆகும் வசதி சில டேப்புகளில் உண்டு. சாம்சங்கில் 'டிவைஸ் கேர்' பகுதியில் 'ஆட்டோ ரீஸ்டார்ட்', வேறு சிலவற்றில் நேரம் குறித்து அணைத்து எழுப்பும் பொத்தான். தினமும் ஒரே நேரத்தில் நடந்தால் முதலில் அங்கே பாருங்கள். தொடாமல் பூட்டியே கிடந்தால் மூன்று நாள் வாக்கில் தானே ரீஸ்டார்ட் ஆகும் ஏற்பாட்டை ஆப்பிள் 2024-ல் கொண்டுவந்தது. கூகுளும் 2025 ஏப்ரலில் அதே வழிக்கு வந்தது. திருட்டுப்போன சாதனத்தைத் திறக்கவிடாமல் செய்யும் பாதுகாப்பு அது. ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கும்போது கைரேகையை ஏற்காமல் பின் நம்பர் கேட்டால் பயப்பட வேண்டாம்.

நோட்டுப் போடுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு முறை நடக்கும்போதும் நாள், நேரம், சார்ஜ் எவ்வளவு, சார்ஜர் போட்டிருந்ததா, என்ன ஓடியது, பின்பக்கம் சூடா, எப்படி எழுந்தது என்று எழுதுங்கள். இப்படி:

"செவ்வாய் இரவு 10.40. சார்ஜ் 34. சார்ஜர் இல்லை. வீடியோ கால். சூடு இல்லை. லோகோ வந்து தானே எழுந்தது."

"புதன் இரவு 9.15. சார்ஜ் 28. சார்ஜர் இல்லை. கேமரா திறந்ததும் போச்சு."

"வியாழன். இரவு முழுக்க சார்ஜரில். ஒரு தடவையும் ஆகவில்லை."

மூன்றே வரியில் விஷயம் வெளியே வந்துவிட்டது. சார்ஜ் குறைந்த நிலையில், பவர் அதிகம் இழுக்கும் வேலை வந்ததும் விழுகிறது. சார்ஜரில் இருக்கும்போது நிற்கிறது. இது பேட்டரி, அல்லது பேட்டரியையும் போர்டையும் சேர்க்கும் கனெக்டர். லித்தியம் பேட்டரி சராசரியாக 3.7 வோல்ட் தரும். கேமராவும் திரையும் வைஃபையும் ஒரே நேரத்தில் இழுத்தால் அந்த வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும். கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மாடியில் தண்ணீர் நூலாக வருகிற மாதிரி. நல்ல பேட்டரி தாங்கும். குறையுள்ளது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விடும், போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். நீங்கள் திரையில் பார்ப்பது 34 சதவீதம். போர்டு பார்ப்பது வோல்டேஜ்.

சார்ஜரில் போட்டால் மட்டும் ஆகிறது என்றால் சார்ஜர், ஒயர், துவாரம் மூன்றில் ஒன்று. கையில் தூக்கும்போது, பையில் வைக்கும்போது, ஓரத்தை லேசாகத் தட்டும்போது ஆகிறது என்றால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. அதோடு சோதனையை நிறுத்திக்கொண்டு கடைக்குக் கிளம்பலாம். குறிப்பிட்ட ஓர் ஆப்பைத் திறந்தால் மட்டும் ஆகிறது என்றால் அந்த ஆப். எந்த ஒழுங்கும் இல்லாமல், எல்லா நிலையிலும் ஆகிறது என்றால் போர்டைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

கவர், கார்டு, சிம்

பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் பல டேப்புகள் கட்டாயமாக ரீஸ்டார்ட் ஆகும். இறுக்கமான பவுச் அந்த வேலையைத் தானே செய்துகொண்டிருக்கும். வேறு மாடலுக்கான கவரைக் கடையில் "இதுவும் செட் ஆகும்" என்று மாட்டிவிட்டிருப்பார்கள், பட்டன் அரை அமுக்கத்திலேயே கிடக்கும். கவரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றும். இவ்வளவு சின்ன விஷயத்துக்காக டேப்பை அனுப்பித் திரும்ப வாங்கியவர்கள் உண்டு.

பிறகு மெமரி கார்டு. பெட்டிக்கடை விலையில் கிடைத்த 512 ஜி.பி. கார்டில் நிஜமாக அவ்வளவு இடம் இருக்காது. படிக்க முடியாத இடத்தை டேப் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று தடுமாறும். கார்டைக் கழற்றிவிட்டு ஒரு நாள். அடுத்தது சிம். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், ரயிலில் போகும்போது மட்டும் ஆகிறது என்றால், சிம்மை எடுத்துவிட்டு வைஃபையில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் கழற்றாதீர்கள். சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாது.

சார்ஜர்

ஸ்ரீபெரும்புதூர் போகும் அந்தச் சாலையின் கதையில் சார்ஜருக்குத் தனி இடம் உண்டு. அங்கே 2014-ல் நோக்கியா மூடிவிட்டுப் போன ஆலையைப் பின்னால் வாங்கியது, சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம். நல்ல சார்ஜர் செய்யும் ஊரிலேயே நல்ல சார்ஜர் வாங்காமல், ரயில் நிலையத்துப் படிக்கட்டில் வாங்கியதை டேப்பில் சொருகுகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கி வைக்கலாம். "எங்க ஏரியாவுல லோ வோல்டேஜ், அதான் டேப் ஆஃப் ஆகுது" என்பது பெரும்பாலும் சரியல்ல. சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். மின்விசிறி தள்ளாடும் வோல்டேஜிலும் அது வேலை செய்யும். டேப்பில் பேட்டரி வேறு இருக்கிறது. மின்சாரம் போனால் டேப் அணைய வேண்டிய அவசியமே இல்லை.

நிஜமான பிரச்சினை இரண்டு. பழைய போனின் 5 வாட் சார்ஜரை, அந்தப் போனைப்போல இரண்டு மூன்று மடங்கு பேட்டரி உள்ள டேப்பில் போட்டுவிட்டு வீடியோவும் பார்த்தால், ஏறுவதைவிட இறங்குவது அதிகம். பூஜ்யத்துக்குப் போய் அணையும். உடனே பட்டனை அழுத்துவீர்கள், லோகோ வரும், எழுவதற்கே பவர் போதாமல் மறுபடி விழும். லோகோ, இருட்டு, லோகோ, இருட்டு. போர்டு போச்சு என்று தோன்றும். அணைத்தபடியே, டேப்போடு வந்த சார்ஜரில் ஒன்றிரண்டு மணி நேரம் தொடாமல் விட்டுவிட்டு எழுப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது, மட்டமான சார்ஜரின் வெளியீட்டில் இருக்கும் இரைச்சல். அடையாளம் எளிது: சார்ஜர் போட்டதும் தொடுதிரை பித்துப் பிடித்தது போல் தானே தட்டிக்கொள்ளும், எழுத்து தானே ஓடும். சார்ஜரைப் பிடுங்கினால் அடங்கும். அந்தச் சார்ஜரை அன்றோடு விட்டுவிடுங்கள். வாங்கும்போது சார்ஜர் மேல் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். டேப்லெட்டுக்கும் சார்ஜருக்கும் இந்தியாவில் இந்தப் பதிவு கட்டாயம். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று வந்துவிடும். எண்ணும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் அது போலி.

ஐந்து பேர் தங்கும் ரூமில் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் இன்டக்ஷன் அடுப்பும் அயர்ன் பாக்ஸும் போனும் டேப்பும் தொங்கும். பிளக் தளர்ந்து விட்டுவிட்டுப் பிடித்தால் டேப் சார்ஜ் ஏறி இறங்கி விளையாடும். சுவரில் நேராகச் சொருகி ஒரு நாள் பாருங்கள்.

வெயில்

ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வேலைச் சூழல் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. மற்ற கம்பெனிகளும் இதே வரம்பைச் சுற்றித்தான். மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ரூமில் மதியம் மூன்று மணிக்கு அந்த 35 எங்கே இருக்கும்? அதற்கு மேல் சார்ஜிங் சூடு, கேமின் சூடு, தலையணை மேல் வைத்தால் காற்றுப் புகாத சூடு. சாதாரணமாக டேப் முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு எச்சரிக்கை காட்டும், கடைசியில் அணையும். சூட்டில் மட்டும் ஆகிறது, இரவில் மின்விசிறிக்கு அடியில் ஆகவே இல்லை என்றால் காரணம் சூடுதான். ஆனால் குளிர்ந்த நேரத்தில், வெறுமனே பாடம் படிக்கும்போதே பின்பக்கம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொதிக்கிறது என்றால் வெயில் மேல் பழி போடாதீர்கள். எந்த இடம் என்று நோட்டில் குறியுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம். உள்ளே ஈரம் கோக்கும்.

ஆப்பா, போர்டா?

ஆண்ட்ராய்டில் இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் வரும் 'பவர் ஆஃப்' என்ற எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் 'சேஃப் மோட்' என்று கேட்கும். சரி என்றால் நீங்கள் ஏற்றிய ஆப்களை எல்லாம் நிறுத்திவிட்டு, கம்பெனி கொடுத்தவற்றோடு மட்டும் எழும். திரை ஓரத்தில் 'சேஃப் மோட்' என்று எழுதியிருக்கும். அப்படியே ஒரு நாள் ஓட்டுங்கள். அங்கேயும் விழுகிறது என்றால் உங்கள் ஆப்கள் மேல் குற்றமில்லை. அங்கே நிம்மதியாக ஓடுகிறது என்றால் சாதாரணமாக எழுப்பி, கடைசியாக ஏற்றிய ஆப்பிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். என் முதல் சந்தேகம் எப்போதும் 'கிளீனர்', 'பூஸ்டர்', 'பேட்டரி சேவர்' என்ற பெயருள்ளவை மேல். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஏ.பி.கே. கோப்பை ஏற்றியிருந்தால் ரீஸ்டார்ட்டைவிடப் பெரிய ஆபத்து அது; முதலில் அதை நீக்குங்கள், வங்கி பாஸ்வேர்டை வேறு சாதனத்தில் மாற்றுங்கள்.

சாஃப்ட்வேரால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020-ல் நடந்த ஒன்று போதும். ஏரியும் மலையும் உள்ள ஓர் அழகான படத்தை வால்பேப்பராக வைத்ததும் சாம்சங், கூகுள் பிக்சல் போன்கள் பல எழுந்து விழுந்து எழுந்து விழுந்து கிடந்தன. அந்தப் படம் பதிந்திருந்த வண்ண முறையை ஆண்ட்ராய்டு 10-ஆல் கணக்கிட முடியவில்லை; கணக்கு எல்லை தாண்டி முகப்புத் திரையே சரிந்தது. போர்டில் ஒரு குறையும் இல்லை. ஆகவே கோளாறு தொடங்கிய நாளில் நீங்கள் புதிதாகச் செய்தது என்ன என்பதை யோசியுங்கள், அது ஒரு படமாக இருந்தாலும்.

சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருந்தால் போட்டுவிடுங்கள், பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும்போது. ஆனால் "அடுத்த அப்டேட்ல சரியாயிடும்" என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அப்டேட் எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, கெடு என்று முடிகிறது என்று அவருக்குத் தெரியும்.

பெட்டியிலேயே வந்த கோளாறு

கவரும் கார்டும் சிம்மும் கழற்றி, சொந்தச் சார்ஜரில், குளிர்ந்த அறையில், சேஃப் மோடிலும் விழுகிறது என்றால் உங்கள் வேலை முடிந்தது. பெரிய கம்பெனிக்கும் இது நடக்கும். ஐபோன் 6எஸ் போன்கள் திடீர் திடீரென்று அணைந்தபோது 2016 இறுதியில் ஆப்பிள் விளக்கம் கொடுத்தது: 2015 செப்டம்பர், அக்டோபரில் செய்த சில போன்களில், பேட்டரியின் ஒரு பாகம் அடைக்கப்படும் முன் இருக்க வேண்டியதைவிட அதிக நேரம் காற்றில் இருந்துவிட்டது. அவ்வளவுதான் தவறு. லைனில் நிற்கிறவர்களுக்கு அது எவ்வளவு எளிதில் நடக்கும் என்று புரியும். பேட்டரியை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

பின்மூடி உப்பியிருந்தாலோ, திரை ஓரம் தூக்கியிருந்தாலோ, இனிப்பும் காரமும் கலந்த ரசாயன வாசனை வந்தாலோ சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். படுக்கையிலிருந்து விலக்கி வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். சால்டரிங் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை அதிகம் தேவை: மூடியைத் திறந்தது தெரிந்தால் வாரண்டியை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

கவுன்டரில்

கெடுவுக்குள் என்றால் விற்றவரிடம் போங்கள், சர்வீஸ் சென்டருக்குப் போகாதீர்கள். விற்றவர் புதிது தர வேண்டும். சர்வீஸ் சென்டர் ரிப்பேர்தான் செய்யும். கெடு முடிந்திருந்தால் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சென்டர். பிராண்டைப் பொறுத்துச் செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இருக்கும். தெருக்கடைக்குப் போனால் வாரண்டி போகும்.

பில், பெட்டி, சீரியல் எண், நோட்டு, ரீஸ்டார்ட் ஆகும் வீடியோ இவை போதும். வீடியோவை இன்னொரு போனில், சார்ஜ் சதவீதம் தெரியும்படி எடுங்கள். சிம் போடும் டேப் என்றால் நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் வரும், பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். அந்த எண்ணை 'கே.ஒய்.எம்.' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எந்த மாடலின் எண் என்று பதில் வரும். "புதுசு" என்று விற்ற பழசு இங்கே மாட்டிக்கொள்ளும்.

சென்டரில் அதிகம் கேட்கும் பதிலுக்கு நோட்டுதான் மருந்து:

"ஒரு நாள் வெச்சுப் பாத்தோம் மேடம், எங்ககிட்ட ரீஸ்டார்ட் ஆகல."

"சார்ஜர் போட்டு வெச்சுப் பாத்தீங்களாண்ணா, போடாமலா?"

"போட்டுத்தான்."

"சார்ஜர் போட்டா ஆகாதுண்ணா. நாப்பதுக்குக் கீழ வந்தப்புறம் வீடியோ கால் போட்டாத்தான் ஆகுது. இந்தாங்க, வீடியோ இருக்கு. இதையே ஜாப் ஷீட்ல எழுதிடுங்க."

ஜாப் ஷீட்டில் வெறுமனே 'ரீஸ்டார்ட் பிராப்ளம்' என்று எழுத விடாதீர்கள். எந்த நிலையில் ஆகிறது என்பது இருக்க வேண்டும். பிரதி வாங்காமல் டேப்பைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் சிம், கார்டை எடுத்துவிட்டு, கோப்புகளைப் பிரதி எடுத்து, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கிவிட்டு, இப்போது ரீசெட் போடுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் போட்டால் டேப் பூட்டிக்கொண்டு பழைய பாஸ்வேர்டு கேட்கக்கூடும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கொடுத்த கையடக்கக் கணினி என்றால் ரீசெட், ஆப் நீக்கம் எதுவும் நீங்களாகச் செய்ய வேண்டாம். கொடுத்த பள்ளியிலேயே எழுத்தில் தெரிவியுங்கள். பொருள் அரசுடையது, வாரண்டியும் அவர்கள் வழியாகத்தான்.

மாற்றியும் தரவில்லை, சரிசெய்தும் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகார் எண் வாங்கிவிட்டால் பல கம்பெனிகள் அதோடு இறங்கி வரும். இறங்காவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். டேப்பைத் திருவண்ணாமலையில் வாங்கியிருந்தாலும் டில்லி கம்பெனியிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் தங்கியிருந்தால் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகார் கொடுக்கும் உரிமையை அந்தச் சட்டம் தருகிறது. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.